மாதேஷுக்கு, கொடிகளைப் பற்றி

கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாதேஷ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாங்காய் சீசன் என்பதால் பட்டறையில் தலை நிமிர நேரமில்லை. மாங்கூழ் ஆலைக்கு லோடு ஏற்றிப் போகிற டெம்போக்கள் கிளட்ச் தேய்ந்துபோய் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சேலத்தில் சேர்ப்பதா ஓசூரிலா என்று வீட்டில் தினமும் பேச்சு ஓடுகிறது. அதைப் போனில் பேசிக்கொள்வோம்.

நான் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஓட்டுகிற சிம் கார் ரேஸைப் பற்றி நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். "யாருக்கும் அடிபடாது, பட்டனை அழுத்தினால் புது வண்டி வந்துவிடும். அப்புறம் எதுக்குடா இந்த நிஜ ரேஸ் விதியெல்லாம்?" என்று எழுதியிருந்தாய். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், வெயிலில் மஞ்சள் கொடி பிடித்து நின்றவன் நீ. நீயே இப்படிக் கேட்டதால்தான் விவரமாக எழுத உட்கார்ந்தேன்.

அடிபடாது என்பதால்தான் விதி வேண்டும் என்கிறேன். தொப்பூர் கணவாயில் அப்பாவின் லாரியில் நாம் இரண்டு பேரும் சேலத்துக்கு இறங்கிப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார். இன்ஜின் பிடிமானத்திலேயே வண்டி முனகிக்கொண்டு இறங்கும். பிரேக் டிரம் சூடேறுகிற அந்தக் கருகல் வாசம் லேசாக வந்தாலே பேச்சை நிறுத்திவிடுவார். அவருக்கு யாரும் விதிப்புத்தகம் கொடுக்கவில்லை. வழியில் கவிழ்ந்து கிடந்த லாரிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது.

என் மாடி அறையில் அந்த வாசம் வருவதில்லை. ஸ்டீயரிங் கையை உதறுகிறது, முன் டயர் பிடி விடுவது விரல்களில் தெரிகிறது, பிரேக் எவ்வளவு சூடு என்று திரையில் எண் ஓடுகிறது. அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்கிற ரேஸ் மென்பொருளில் ட்ராக்கை லேசர் வைத்து அளந்து, மேடு பள்ளம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாம் இருக்கிறது, வயிறு மட்டும் கலங்குவதில்லை. அதனால் நிஜத்தில் யாரும் நுழையாத இடுக்கில் இங்கே நுழைந்துவிடுகிறார்கள்.

இது சின்னப் பையன்கள் சமாச்சாரம் என்று நினைக்காதே. 2020 மே மாதம், கொரோனாவால் ரேஸ்கள் எல்லாம் நின்றுபோயிருந்த நேரம். ஐரேசிங் என்கிற இணைய ரேஸ் மென்பொருளில் நடந்த இண்டியானாபோலிஸ் பந்தயத்தில், முந்தின வருஷம்தான் நிஜ இண்டி 500 ஜெயித்திருந்த சிமோன் பாஜெனோ, ஃபார்முலா 1 ஓட்டுநர் லாண்டோ நாரிஸுக்கு முன்னால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். நாரிஸ் வந்து மோதினார். நிஜ இண்டியானாபோலிஸ் ட்ராக்கில் பாஜெனோ கனவில்கூட அப்படிச் செய்யமாட்டார். அதே மாதம் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ நடத்திய இணையப் பந்தயத்தில், நிஜ ஓட்டுநரான டேனியல் ஆப்ட் தன் இடத்தில் ஒரு சிம் ஓட்டுநரை உட்காரவைத்துவிட்டார். அவரைத் தகுதிநீக்கம் செய்து, 10,000 யூரோவை அறக்கொடையாகக் கட்டச் சொன்னார்கள். அவருடைய ஆடி (Audi) அணியும் அவரை விலக்கியது. இரண்டையும் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கே பயம் இல்லாத இடத்தில் கை நழுவுகிறது என்றால், மற்றவர்களை என்ன சொல்வது?

2008-ல் வந்த ஐரேசிங் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ட்ராக்கை விட்டு வெளியே போனால் ஒரு தண்டனைப் புள்ளி, சுழன்றால் இரண்டு, இன்னொரு வண்டியோடு பலமாக மோதினால் நான்கு. தப்பு யார்மேல் என்று கணினி பார்க்காது, மோதிய இருவருக்கும் நான்குதான். புள்ளி ஏற ஏற உன் பாதுகாப்பு மதிப்பெண் இறங்கும், உரிமத்தில் மேலே போக முடியாது. ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்தவன் இடித்தால் எனக்கு எதற்குத் தண்டனை? ஆனால் மூன்று மாதத்தில் என் ஓட்டமே மாறியிருந்தது. கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் வருபவன் தடுமாறுகிறான் என்று தெரிந்தால் இடம் விட்டேன். என் நியாயத்தைவிட என் வண்டி முழுசாக வீடு வந்து சேருவது முக்கியம் என்கிற புத்தி வந்தது. அப்பாவுக்குத் தொப்பூரில் இருந்த புத்தி.

முன்பின் தெரியாதவர்கள் ஓட்டுகிற பந்தயத்துக்கு அது போதும். எங்கள் லீக்குக்குப் போதவில்லை. நாங்கள் இருபது பேர், ஞாயிறு இரவுகளில் ஜிடி3 என்கிற வகை ரேஸ் கார்களை ஓட்டுகிறோம். நம்ம பக்கத்து எருது விடும் விழாவில் காளையை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள், எத்தனை நொடியில் தூரத்தைக் கடந்தது என்பதுதான் கணக்கு. அங்கே பக்கத்தில் ஓடுகிறவன் என்ற பேச்சே இல்லை. ரேஸில் சிக்கல் முழுக்க அந்தப் பக்கத்து வண்டியில்தான் இருக்கிறது. அதனால் மூன்று பேர் ஸ்டூவர்டாக, அதாவது நடுவராக, உட்கார்ந்து ரீப்ளே பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம். நானும் ஒருவன்.

போன வாரம் வந்த வழக்கைச் சொல்கிறேன், நீயே பார். இத்தாலியின் மோன்சா ட்ராக், முதல் சிக்கேன் (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவு). நேர்ப்பாதையில் 250 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வந்து, நடந்துபோகிற வேகத்துக்கு இறங்குவது போல பிரேக்கை மிதிக்கவேண்டிய இடம். முன்னால் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர், பின்னால் பாலக்கோட்டுக் கல்லூரிப் பையன். பையன் பின்னால் இடித்தான், முன்னவர் சுழன்று கடைசிக்குப் போனார். பெங்களூர்க்காரரின் ரீப்ளேயில் பையனின் வண்டி குறையாத வேகத்தில் வந்து பம்பரில் ஏறுகிறது. பையனின் ரீப்ளேயில் இருவருக்கும் நடுவே ஒரு வண்டி இடைவெளி இருக்கிறது, திடீரென்று முன் வண்டி பின்னால் இழுத்துவிட்ட மாதிரி அவன்மேல் வந்து விழுகிறது. இரண்டு ரீப்ளேயும் பொய் இல்லை. அவன் ஓட்டுவது போன் ஹாட்ஸ்பாட்டில். முன் வண்டி பிரேக் போட்ட செய்தி அவன் கணினிக்கு வந்துசேரும்வரை, அது பழைய வேகத்திலேயே ஓடுவதாக ஊகித்துத்தான் திரையில் காட்டும். 250 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 69 மீட்டர். பத்தில் ஒரு நொடி தாமதத்துக்கே ஏழு மீட்டர் போய்விடுகிறது, வண்டியின் நீளமே நாலரை மீட்டர்தான்.

இதற்கு நிஜ விதிப்புத்தகத்தில் பதில் கிடையாது. உள்பக்கம் நுழைந்தவன் வழக்கு என்றால் எஃப்1 (ஃபார்முலா 1) நடுவர்களின் வழிகாட்டுதலை எடுத்துக்கொள்வோம்: வளைவின் முனையில் அவனுடைய முன்சக்கரம் மற்றவரின் கண்ணாடி அளவுக்காவது வந்திருக்கவேண்டும். ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே பின்னால் வருபவன் கண்ணில் படுவதே பழைய படம். இரவு ஒரு மணிவரை பேசினோம். தன் இணைப்பு எப்படி என்று தெரிந்தவன் அதற்கேற்ற இடைவெளி விட்டிருக்கவேண்டும் என்று சொல்லி, பையனுக்கு ஐந்து நொடி பெனால்டி போட்டோம். அவன் அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்கண்ணா, எங்க ஊர்ல வேற லைன் இல்லீங்கண்ணா" என்று மட்டும் சொன்னான். எனக்கு இன்னும் மனசு சரியில்லை.

ட்ராக்கின் எல்லைக்கோட்டைத் தாண்டுகிற விஷயத்தில் மட்டும் எங்களுக்குத் தலைவலி இல்லை. நிஜத்தில் 2023 ஆஸ்திரிய கிராண்ட் பிரிக்ஸில் 1,200-க்கும் மேற்பட்ட முறை கோடு தாண்டினார்களா என்று பார்க்கவேண்டியிருந்தது, பந்தயம் முடிந்து சில மணி நேரம் கழித்து முடிவே மாறியது. கணினிக்குச் சக்கரம் எங்கே கோடு எங்கே என்று அந்த நொடியே தெரியும்.

நீலக் கொடிதான் எங்களுக்குள் பெரிய சண்டை. எஃப்1-இல் ஒரு சுற்று பின்தங்கியவர் உடனே வழிவிடவேண்டும். பாதிப்பேர் அதையே கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பின்தங்கியவன் பதறி வளைவின் நடுவில் ஒதுங்கி நிற்கிறான், இரண்டு பேரும் மோதி வெளியே போய்விடுகிறார்கள். ஐரேசிங்கில் நீலக் கொடி ஒரு தகவல் மட்டும்தான், வேகமான வண்டி வருகிறது என்று சொல்லும். உன் பாதையிலேயே நேராகப் போ, தாண்டுவது பின்னால் வருபவன் பொறுப்பு. நம்மைப் போல வாரம் ஒருமுறை ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் சரி. மஞ்சளுக்கு நேர்மாறு, அதில் ஒரு இம்மி தளர்த்தக்கூடாது. மஞ்சள் அசைந்தால் வேகம் குறையவேண்டும், தாண்டக்கூடாது, அவ்வளவுதான். திரையில் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் சதுரம் வருகிறது, பாதிப்பேர் அதைப் பார்ப்பதே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் அன்றைக்கு உன் வளைவில் பைக் ஒன்று விழுந்தபோது, ஓட்டுநரைத் தூக்க இரண்டு பேர் ட்ராக்குக்குள் ஓடினார்கள். நீ தோள் கழன்றுவிடுகிற மாதிரி கொடியை ஆட்டினாய். அடுத்து வந்த ஆறு பேரும் கையைத் தளர்த்தினார்கள், நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தச் சதுரத்துக்குப் பின்னால் அப்படி இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எங்கள் பசங்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன். எங்களில் ஒருவர் ஸ்டூவர்டு வேலையிலிருந்து விலகுகிறார், வேலை மாற்றம். அந்த இடத்துக்கு நீ வா. ஸ்டீயரிங் எதுவும் வாங்கவேண்டாம், லேப்டாப் இருந்தால் போதும். ஞாயிறு இரவு ஒன்பதுக்குப் பந்தயம், பதினொன்றுக்கு வழக்குகள். வருகிற வாரம் பாலக்கோட்டுப் பையன் மறுபரிசீலனை கேட்டிருக்கிறான். இரண்டு ரீப்ளேக்களையும் தனியாக அனுப்புகிறேன். என் தீர்ப்பை மறந்துவிட்டு, நீயே புதுசாகப் பார்த்துச் சொல்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். ஆடியில் வந்தால் மல்கோவா இருக்காது, அதற்கு முன்னால் வரப்பார்.

உன்
முனிராஜ்