பழைய ரைஃபிளும் புது ஸ்கோப்பும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
மே மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் சுகம். ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். கூட்டத்தில் நிற்க இப்போதெல்லாம் என் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை. பேத்தி மட்டும் சளைக்காமல் நின்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆன பிறகு வேட்டைத் துப்பாக்கி வாங்கப் போகிறாய் என்று படித்துக் காட்டினேன். "லெனேசியாவில் எந்த மானைச் சுடப் போகிறாராம்?" என்று உன் தங்கச்சி கேட்டாள். லிம்போபோவுக்கு வேட்டைக்குப் போகும் பழைய வேலைக்கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறாய் என்று சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். .308 அளவுத் தோட்டா போடும் பழைய ரைஃபிள், மேலே 6-24×50 ஸ்கோப் (6 முதல் 24 மடங்கு பெரிதாக்கும் குறிநோக்கி, முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர்), இரண்டையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். என்னைக் கேட்டால், ரைஃபிள் நன்றாக இருந்தால் அதை மட்டும் வாங்கு, ஸ்கோப்பை அங்கேயே விட்டுவிடு. காரணம் சொல்கிறேன்.

.308 நல்ல தேர்வு. எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், தோளை இடிப்பதும் தாங்கக்கூடிய அளவுதான். இம்பாலா மான், வார்தாக் காட்டுப்பன்றி எல்லாவற்றுக்கும் தாராளம், நல்ல குண்டு போட்டால் 'கூடு' என்ற பெரிய மானுக்கும் போதும். உன் சித்தப்பா வைத்திருந்தது போன்ற .303 மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் அந்தப் பட்டாளத்துத் துப்பாக்கியில் ஸ்கோப் பொருத்துவது பெரிய வேலை, துளை போட ஆள் தேட வேண்டும். அது உனக்கு வேண்டாம்.

நம் நாட்டில் பழைய ரைஃபிளுக்குப் பஞ்சமில்லை. வயதானவர்கள் இறந்துவிட்டால், லைசென்ஸுக்கு அலைய மனமில்லாத பிள்ளைகள் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். ப்ளூம்ஃபொன்டெய்னில் செய்த மஸ்க்ரேவ், செக் நாட்டு பிர்னோ, பழைய மௌசர் எல்லாம் அலமாரியில் வரிசையாக நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை சுட்டுத் தேய்ந்தவை அல்ல. ஒரு வேட்டைக்காரர் வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுட்டுவிடப் போகிறார்? குழல் தேய்ந்துபோகப் பல ஆயிரம் தோட்டா வேண்டும். பழைய வேட்டைத் துப்பாக்கியைக் கெடுப்பது துருவும் அரைகுறை மெக்கானிக் வேலையும்தான். முக்கியமாகக் கடலோர ஊரில் பெட்டிக்குள் எண்ணெய் காணாமல் கிடந்தவற்றை நம்பாதே.

அதனால் கடையில், தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றித் தரச் சொல். முதலில் ஒரு துணியைக் குழலுக்குள் ஓட்டித் துடைக்கச் சொல். எண்ணெய் பூசிய குழல் எல்லாமே பளபளக்கும். துடைத்த பிறகு வெளிச்சத்தைப் பார்த்து நோக்கு. குழலுக்குள் சுருளாக ஓடும் ரைஃப்ளிங் வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகக் குழி தெரிந்தால் துரு அரித்திருக்கிறது என்று அர்த்தம். குழலின் வாய் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் குறி சிதறும், அங்கே விரல் நுனியால் தடவிப் பார். அப்புறம் திருகுகளின் தலையைப் பார். வாய் பிய்ந்த திருகு இருந்தால், யாரோ வீட்டில் உட்கார்ந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள், விசையையும் நோண்டியிருப்பார்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு விசையை இழு. பிறகு சேஃப்டியை எடு. அப்போது 'டக்' என்று விழுந்தால் அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு வெளியே வா. தோளில் வைக்கும் கட்டையில் போல்ட்டுக்குப் பின்னால், மணிக்கட்டு போல ஒடுங்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா பார். ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டா உட்காரும் இடத்தின் அளவை, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல். அதற்கு ஆகும் காசைப் பார்க்காதே, உன் முகம் அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கப் போகிறது.

காகித வேலை உனக்குத் தெரிந்ததுதான். துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உண்டு என்று காட்டும் காம்பிடென்சி சர்டிஃபிகேட் உன்னிடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கு 15-ஆவது பிரிவு. சங்கத்தில் சேர்ந்து முறையாகச் செய்கிறவருக்கு 16. உனக்கு 15 போதும். அதில் 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது, நீ அதைச் சுட்டு முடிக்கவே வருஷங்கள் ஆகும். சுவரில் போல்ட் அடித்த சேஃப் வேண்டும், போலீஸ் வந்து பார்ப்பார்கள். குழலிலும், போல்ட் ஓடும் உடலான ஆக்‌ஷனிலும் உள்ள வரிசை எண்ணை நீயே படித்து விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுக்கொள். ஓர் எழுத்து மாறினாலும் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். லைசென்ஸ் வரும்வரை ரைஃபிள் கடைக்காரரின் சேஃபில்தான் இருக்கும். அது எவ்வளவு காலம் என்று சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் உன் ரைஃபிளோடு போகலாம் என்று மட்டும் கனவு காணாதே. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்த்தால் அவருடைய துப்பாக்கியால் சுடலாம், இந்த வருஷம் அப்படிச் சமாளி.

ஸ்கோப்புக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் காத்திருக்கும் மாதங்களில் அதை நிதானமாகத் தேடு.

24 மடங்கு என்றதும் நிறையத் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் குறைவாகத்தான் தெரியும். அந்த ஸ்கோப்பை எவ்வளவு குறைத்தாலும் 6 மடங்குதான். அதில் 100 மீட்டர் தூரத்தில் ஐந்தாறு மீட்டர் அகலம் தெரியும், அவ்வளவுதான். புஷ்வெல்ட் புதர்க்காட்டில் முள்மரங்களுக்கு நடுவே இம்பாலா கூட்டம் 60 மீட்டரில் நிற்கும்போது, ஸ்கோப்புக்குள் ஒரு பழுப்பு நிறத் துண்டுதான் காண்பாய். எது கடா, எது பெட்டை, பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் கூட்டம் போய்விடும். 2 அல்லது 3 மடங்கில் தொடங்கும் ஸ்கோப்பில் பத்து மீட்டருக்கு மேல் விரிந்து தெரியும். பெரிய உருப்பெருக்கத்தில் உன் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும்கூட ஆட்டமாகத் தெரியும், அதைப் பார்த்துப் பதறி விசையைப் பிடுங்குவாய். காரூ வெட்டவெளியில் ஸ்ப்ரிங்பொக்குக்கு 250 மீட்டர் சுடுகிறவர்கள் பேச்சு வேறு. அவர்களுக்கும் 10, 12 மடங்கு தாராளம்.

அந்தி வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. முன்கண்ணாடியின் மில்லிமீட்டரை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டு சொச்சம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அதில் கறுப்புதான் தெரியும். 42 மில்லிமீட்டர் ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்தால், 42-ஐ 6-ஆல் வகுத்து 7. நம் வயதுக் கண்மணி இருட்டில் 5 மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிய விஷயம், ஆக அதற்கு மேல் கண்ணாடி பெரிதாக இருந்து பயனில்லை. பெரிய முன்கண்ணாடி ஸ்கோப்பை உயரத் தூக்கும், கன்னம் கட்டையில் படியாது.

ஆகவே 3-9×40, அல்லது கை கொஞ்சம் தாராளமானால் 2-10×42. லியூபோல்ட், மெயோப்டா, நம் நாட்டு லிங்க்ஸ், எதுவானாலும் பெயரை விட உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பார். டியூப்லைட்டின் கீழ் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். கடை மூடும் நேரத்துக்குப் போய் வாசலில் நின்று, எதிர்ச்சாரியில் நிழல் விழுந்த மூலையைப் பார். இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். குறுக்குக்கோடு தடிமனாக இருக்கட்டும், மெல்லிய கோடு புதரில் தொலைந்துவிடும். பொருத்தும்போது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு திரியும் வேட்டைக்காரர்களை நீயும் பார்த்திருப்பாய், எல்லாம் இடைவெளி விடாததன் பரிசு. ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் பேஸ், ரிங் இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்காதே. குறி அலைகிறது என்று ஸ்கோப்பைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேருக்குத் திருகுதான் தளர்ந்திருக்கும்.

குறி சரிபார்க்க, போல்ட்டை எடுத்துவிட்டுக் குழல் வழியாகவே 25 மீட்டர் அட்டையைப் பார்த்து, குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குத் திருப்பு. பிறகு 25 மீட்டரில் சுட்டுப் பார்த்து, 100-க்குப் போ. ஸ்கோப்பின் குமிழைத் திருப்பும்போது, கால் மினிட் (மினிட் என்பது கோண அளவு) கிளிக் ஒன்றுக்கு 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகரும். 150 கிரெயின் எடையுள்ள குண்டு அங்கே குறிக்கு 5 சென்டிமீட்டர் மேலே படும்படி வைத்தால், 200 மீட்டர் வரை மேலே கீழே யோசிக்காமல் நேராகக் குறிவைக்கலாம். உனக்கு அதற்கு மேல் தேவையே வராது. காயம் பட்டு ஓடிய மானுக்கும் பண்ணைக்காரரிடம் முழுக் காசு கட்ட வேண்டும் என்பது ஒரு பக்கம். அது எங்கோ போய்ப் படுத்துச் சாவதை நினைத்தால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. தூரமாக இருந்தால் கிட்டே நடந்து போ.

அண்ணி மான்கறியைச் சமையலறைக்குள் விட மாட்டேன் என்கிறாரா? சீசன் முக்கால்வாசியும் புரட்டாசிக்கு முன்னால் முடிந்துவிடும் என்று சொல்லிப் பார். இங்கே நாங்கள் இம்பாலா தொடைக்கறியை முதல் நாளே தயிரில் ஊறப்போட்டு, ஆட்டுக்கறி மசாலாவிலேயே செய்கிறோம். கொழுப்பு கிடையாது, அதனால் எண்ணெய் கூட விட வேண்டும்.

குழலுக்குள் என்ன தெரிந்தது என்று பார்த்துவிட்டு எழுது. குழி இருந்தால் முன்பணம் கட்டாதே. டண்டியில் எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பிர்னோவை விற்கப்போவதாகச் சொல்கிறார், அதையும் .308-இல்தான் வைத்திருக்கிறார். உனக்காகக் கேட்டு வைக்கட்டுமா?

அன்புடன்,
உன் பழைய நண்பன்