மார்ஃபின் சீட்டைப் புதுப்பிக்க நோயாளியை ஏன் சுமக்க வேண்டும்?

தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் முற்றி, கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை சாப்பிடும் ஒருவரை மருத்துவர் நேரில் பார்த்து, மருந்தையும் அளவையும் முடிவு செய்த பிறகு, அதே மருத்துவர் அதே மருந்தை வீடியோவில் பார்த்துத் தொடர்ந்து எழுத அனுமதி வேண்டும். முதல்முறையே நேரில் வராமல் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அன்றே, தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. மருந்துகளை அதில் பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பாராசிட்டமால் மாதிரியானவற்றைப் போனில் பேசியே சொல்லலாம். சிலவற்றுக்கு வீடியோவில் முகம் பார்க்க வேண்டும். இன்னும் சிலவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு மட்டும் எழுதலாம். கடைசியில் தடைப் பட்டியல்: மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணை மருந்துகளும், 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் மருந்துகளும். மார்ஃபின் இங்கேதான் இருக்கிறது. முதல்முறை, மறுமுறை என்ற பேதமே இதற்குக் கிடையாது. வருடக்கணக்காகப் பார்த்து வரும் டாக்டராக இருந்தாலும் வீடியோவில் எழுதக் கூடாது.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. இணைய மருந்துக்கடைகள் கண்டபடி மாத்திரை விற்றதால், இப்படிப்பட்ட கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதக் குறைந்தது ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று 2008-ல் சட்டம் போட்டார்கள். கொரோனா காலத்தில் அதையும் தளர்த்தி, அப்புறம் அந்தத் தளர்வை மறுபடி மறுபடி நீட்டித்தார்கள். அங்கே வாக்குவாதம் முதல் சந்திப்பைப் பற்றி. நம் விதியில் முதல் சந்திப்பு முடிந்தாலும் கதவு திறப்பதில்லை.

இனி எங்கள் ஊர் நிலவரம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் புற்றுநோய் என்றால் பலரும் போவது திருவனந்தபுரத்துக்கு. அம்மாவை நாங்களும் அங்கேதான் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு, நல்ல டாக்டர்கள்தான். குலசேகரத்திலிருந்து திருவட்டாறு, ஆற்றூர், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போக வேண்டும். முதுகெலும்பில் நோய் பரவியவரை அந்த வழியில் கொண்டுபோவது என்னவென்று கொண்டுபோனவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா, "மக்களே, மெதுவா" என்பாள். மெதுவாகப் போனால் அடுத்த வேளை மாத்திரைக்கு நேரமாகிவிடும்.

அம்மாவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம். ராத்திரி படுக்கும்போது இரட்டிப்பு, நடுவில் எழுப்பாமல் இருக்க. கூடவே மலம் இளக ஒரு மருந்து. நேரத்தையும் வலி பத்துக்கு எத்தனை என்பதையும் பழைய தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைக் காரிலிருந்து இறக்க முடியவில்லை. ஒரு இளம் டாக்டர் வண்டிக்கே வந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து மலையாளமும் தமிழும் கலந்து நாலு கேள்வி கேட்டார். பிறகு அந்தத் தாள்களைப் புரட்டினார். ராத்திரி வேளையைக் கொஞ்சம் கூட்டினார். சீட்டு வந்தது. அவர் பார்த்த தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். கேட்ட கேள்விகளை வீடியோவில் கேட்டிருக்கலாம். அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. விதி அப்படி.

எங்களுக்காவது கார் கிடைத்தது. தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. நோயாளியைத் தூக்க வீட்டில் ஆள் யார்? பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கே வீடியோவுக்கே சிக்னல் இருக்காது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனால்தான் செவிலியரையும் சேர்த்துக் கேட்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. புண்ணுக்குக் கட்டுப் போட செவிலியர் வீட்டுக்கே வருகிறார். மருந்துச்சீட்டு எழுத அவருக்கு அதிகாரம் இல்லை, சரி. எழுத அதிகாரம் உள்ளவர் வீடியோவில் வந்தால் தடைப் பட்டியல் குறுக்கே நிற்கிறது.

போதைக்குப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி மாத்திரையைப் போதைக்காக விற்றுப் பையன்கள் பிடிபட்ட செய்திகளை நாங்களும்தான் படிக்கிறோம். ஆனால் அவர்கள் பயாப்சி ரிப்போர்ட்டோடு வீடியோவில் டாக்டர் முன் உட்கார்ந்து வாங்கியவர்களா? சீட்டே இல்லாமல் வாங்கியவர்கள். அந்த ஓட்டையை அடைப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வேலை. நேரில் வா என்ற விதி அந்தப் பையன்களைத் தொடவே இல்லை, படுத்த படுக்கையாக இருப்பவரைத்தான் பிடித்துக்கொள்கிறது.

மருந்து பாதியில் நின்றால் வலி திரும்புவதோடு போகாது. தினமும் மார்ஃபின் எடுத்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். சீட்டு முடியும் தேதியும் கார் கிடைக்கும் தேதியும் ஒத்துவராத வீடுகளில் இதுதான் நடக்கும்.

கவனக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்டும் எக்ஸ் அட்டவணைதான். சீட்டுக்காக அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு விடுப்புப் போடுகிறார்கள். அது தனிக் கடிதமாக எழுத வேண்டிய விஷயம்.

ஆணையத்திடம் கேட்பது: நேரில் பதிவான வலி தணிப்பு நோயாளிகளுக்கு மட்டும் தடைப் பட்டியலில் விலக்கு கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மருத்துவர் நேரில் பார்க்கட்டும், ஆனால் அது ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராகவும் இருக்கலாம் என்று சொல்லுங்கள். வீடியோவின்போது செவிலியர் பக்கத்தில் இருந்து, மீதி மாத்திரையை எண்ணிச் சொல்லட்டும், காலிப் பட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். கால் மரத்துப்போவது, வயிறு உப்புவது என்று புதிதாக எதுவும் வந்தால் நேரில்தான் பார்க்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

மாநில அரசிடம் கேட்பது வேறு. சீட்டு மட்டும் வந்து மருந்து எல்லை தாண்டியே இருந்தால் என்ன பயன்? 2014-ல் திருத்திய அதே போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளர் அங்கீகரித்தால் ஒரு மருத்துவமனை மார்ஃபினை வாங்கி வைக்கலாம். முன்பு போலப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டாம். 2008-லேயே வலி தணிப்புக்கென்று கொள்கை அறிவித்த கேரளம் எங்களுக்குப் பக்கத்து ஊர். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வலி குறைவா என்ன? குமரியின் ஆறு வட்டங்களிலும் ஓர் அரசு மருத்துவமனைக்காவது இந்த அங்கீகாரம் வேண்டும்.

நெறிமுறையைத் திருத்த நாளாகும், தெரியும். அதுவரை, மாவட்டத்தில் எந்த அரசு மருத்துவமனையில் மார்ஃபின் இருப்பு இருக்கிறது, எந்தக் கிழமை யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதி ஒட்டுங்கள். இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
குலசேகரத்திலிருந்து ஒரு மகன்