அணையைத் திறக்குமுன் பாலத்துக் கணக்கைச் சொல்லுங்கள்

பெறுநர்: வடிகால் நீர்ப்பாசனத் துறை, பத்து (Batu) அணையையும் கிள்ளான் கேட்ஸ் அணையையும் இயக்குவோர், கோலாலம்பூர் மாநகர் மன்றம்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

செந்தூல், ஜாலான் ஈப்போ, பத்து வட்டாரங்களில் ஆற்றோரத் தரைவீடுகளிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் குடியிருப்பவர்கள் சார்பில் எழுதுகிறோம். மழைக்காலத்தில் எங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: “ஆற்றோர மக்கள் கவனமாக இருக்கவும்.” கவனமாகத்தான் இருக்கிறோம். ஆனால் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்கு என்று தெரியாமல் கட்டிலைத் தூக்குவதா, காரை மேட்டுக்குக் கொண்டுபோவதா, படுத்த படுக்கையாய் இருக்கும் பாட்டியை முதலில் மாற்றுவதா என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

1971 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு இந்நகருக்கான வெள்ளத் தணிப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. கிள்ளான் கேட்ஸ் அணை உயர்த்தப்பட்டது. 1987-இல் பத்து அணை கட்டி முடிக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே தர்மசங்கடம். குடிநீருக்கு அணை நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்தைத் தாங்க அதே அணையில் காலி இடம் இருக்க வேண்டும். 1998-லும் 2014-லும் குழாய்த் தண்ணீருக்குப் பங்கீடு வைத்த ஊர் இது. அணையை முன்கூட்டியே இறக்கி வைக்கச் சொன்னால் நீங்கள் தயங்குவது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லட்சம் கனமீட்டர் தண்ணீர். பத்து அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 50 சதுர கிலோமீட்டர். காடு பாதியை உறிஞ்சிக்கொண்டாலும் ஒரே மழையில் 25 லட்சம் கனமீட்டர் வந்து சேரும். அந்த அளவுக்கு அணையில் இடம் இல்லாவிட்டால், கதவைத் திறந்து விட்டாலும் சரி, வழிந்தோடியில் தானாக வழிந்தாலும் சரி, தண்ணீர் கீழே எங்களிடம்தான் வரும். 2021 டிசம்பரில் ஒரு மாதத்துக்குரிய மழை ஒரே நாளில் கொட்டியதைப் பார்த்தபின், “அப்படியெல்லாம் பெய்யாது” என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இருக்காது.

ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் அது. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் இடத்தில் தண்ணீரை வாங்கி, நகர மையத்தைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. பத்து ஆற்றுத் தண்ணீர் அந்த வாய்க்கு வருவதே இல்லை. அது கோம்பாக் ஆற்றில் கலந்து, மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றைச் சேர்கிறது. சுரங்கம் கிள்ளான் ஆற்றின் பாரத்தைக் குறைப்பதால் எங்கள் தண்ணீர் கொஞ்சம் தடையில்லாமல் வடியும், அவ்வளவுதான். செந்தூலுக்கு மேலே எங்களைக் காப்பவை அணையும் பத்து, ஜிஞ்சாங் வெள்ளத் தேக்கக் குளங்களுமே. (அந்தக் குளங்களின் ஓரத்தில் புதிய கட்டடங்களுக்கான அறிவிப்புப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது தனி மடலுக்கு உரிய விஷயம்.)

எச்சரிக்கை மணி எங்கிருந்து அடிக்கத் தொடங்குகிறது என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. உங்கள் துறையின் வெள்ளத் தகவல் (InfoBanjir) இணையப் பக்கத்தில் செந்தூல் நிலையத்தின் நீர்மட்டம் வழக்க நிலை, விழிப்பு (மஞ்சள்), எச்சரிக்கை, அபாயம் (சிவப்பு) என நான்கு படிகளில் தெரிகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது எங்கள் வாசலுக்கு வந்துவிட்ட தண்ணீரைத்தான் அளக்கிறது. அணையிலிருந்து தண்ணீர் 10 கிலோமீட்டர் ஓடி வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் 5,000 வினாடி, ஏறக்குறைய 83 நிமிடம். கான்கிரீட் பூசிய பகுதியில் வேகம் இன்னும் கூடும். அணையில் கை வைக்கும்போதே எங்களுக்குச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். செந்தூலில் சிவப்பு எரிந்தபின் சொன்னால் செருப்பைத் தேடத்தான் நேரம் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன முடியும்? படுக்கையிலிருக்கும் ஒருவரைப் போர்வையோடு தூக்கி மாடிப்படி ஏற்ற நான்கு பேர் வேண்டும். மருந்து, ஆக்சிஜன் கருவி சகிதம் 20 நிமிடம் ஆகும். மின்சாரம் போனால் லிஃப்ட் நின்றுவிடும் என்பதால் இதுதான் முதல் வேலை. அடுத்தது கேஸ் தோம்பு (சிலிண்டர்). வால்வை மூடி, குழாயைக் கழற்றிவிட வேண்டும். 14 கிலோ தோம்பு தண்ணீரில் மிதக்கும், மிதக்கும்போது குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகும். பிறகு மெயின் சுவிட்ச். ஈரத் தரையில் நின்றுகொண்டு அதைத் தொடக்கூடாது, தண்ணீர் வாசலுக்கு வருமுன்பே அணைத்துவிட வேண்டும். காரை எடுக்கும் நேரமும் அதற்கு முன்புதான். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆள் தடுமாறிவிடுவார், 30 சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கிவிடும்.

வாசலில் மணல் மூட்டை அடுக்குபவர்கள் கழிவறையை மறந்துவிடுகிறார்கள். ஆறு ஏறினால் கழிவுநீர்க் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்து கழிவறைக் கோப்பையிலும் குளியலறை ஃபுளோர் டிராப்பிலும் (தரை வடிகால் துளையிலும்) பொங்கும். வாசல் காய்ந்திருக்க, கூடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பது இப்படித்தான். தடித்த பிளாஸ்டிக் பையில் மணலை முக்கால் பங்கு நிரப்பிக் கட்டி, கோப்பைக்குள் ஒன்று, ஃபுளோர் டிராப் மேல் ஒன்று அழுத்தி வைக்க வேண்டும். வாசலுக்கும் மூட்டையை முழுதாக நிரப்பக்கூடாது. பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும், இடுக்கில் நீர் புகாது. அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இல்லாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். இதெல்லாம் எங்கள் பங்கு. நேரம் மட்டும் உங்களிடம் இருக்கிறது.

எனவே அணை அறிவிப்பில் இவை இருக்க வேண்டும்: இப்போதைய நீர்மட்டம், நிரம்பி வழிய இன்னும் எத்தனை சென்டிமீட்டர், வினாடிக்கு எத்தனை கனமீட்டர் உள்ளே வருகிறது, எத்தனை வெளியே போகிறது, அடுத்த மூன்று மணி நேரத்தில் அது எவ்வளவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துமலைப் பாலத்தையும் செந்தூல் அளவுகோலையும் தண்ணீர் எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் தொடும். அடுத்த அறிவிப்பு எப்போது என்பதும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த இடைவெளியை வாட்ஸ்அப் வதந்தி நிரப்பிவிடும். ‘அணை உடைந்துவிட்டது’ என்ற குரல் பதிவு எத்தனை வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். மலாயில் வரும் செய்தியின் கீழே தமிழிலும் சீனத்திலும் இரண்டு வரி போதும். வயதானவர்கள் பலருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. மாதிரிக்கு எங்கள் வரைவு:

“பத்து அணை: இன்று காலை 8.00 மணிக்கு நீர் திறக்கப்படும். செந்தூலில் 9.30 அளவில் மஞ்சள் கோட்டைத் தொடும். ஆற்றில் இறங்காதீர்கள். அடுத்த செய்தி 9.00 மணிக்கு.”

மஞ்சள் கோடு என்றோம். அது இப்போது இணையத்தில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று திரையில் வரும் எண்ணை வைத்துக்கொண்டு, அது தன் வீட்டுப் படியைத் தொடுமா என்று யாரும் சொல்ல முடியாது. நில அளவையாளர் ஒருவர் மட்டக்கருவியோடு வந்து, நிலையத்தின் அதே மட்டக் குறியீட்டைப் பாலத் தூணுக்குக் கடத்த வேண்டும். தூணில் நான்கு நிறப் பட்டைகளும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் எண்களும், மின்னொளி பட்டால் மின்னும் பெயின்டில். அதே மட்டத்தைத் தாழ்வான சந்துகளின் விளக்குக் கம்பங்களுக்கும் கொண்டுவந்துவிட்டால், “பாலத்தில் சிவப்பு என்றால் நம் சந்தில் இடுப்பளவு” என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு ஆகும் பெரிய செலவு பெயின்ட்தான். ஒன்றை மறந்துவிடக்கூடாது: வெள்ளத்தில் ஆற்றின் மேற்பரப்பு கீழ்நோக்கிச் சரிந்தே ஓடும். ஆகவே பாலத்துக்கு மேலே இருக்கும் சந்துக்கு அந்தச் சரிவையும் கூட்டிக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு பொய் சொல்லும்.

தண்ணீர் கரை தாண்டித்தான் வரும் என்று அறிவிப்புகள் நினைக்கின்றன. பல தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) அப்படி வருவதில்லை. பெரிய லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஆற்றில் விழும் இடத்தில் தொங்கு கதவு இருக்கும். ஆறு உயர்ந்தால் அது மூடிக்கொண்டு ஆற்றுநீர் உள்ளே வராமல் தடுக்கும். சரியாக மூடினால் உள்ளே பெய்த மழைக்கு வெளியே போக வழியில்லை. கீலில் மெத்தைத் துண்டோ மரக்கிளையோ மாட்டி மூடாவிட்டால் ஆறே உள்ளே வரும். இரண்டிலும் மூழ்குவது நாங்கள். பம்ப் இருக்கும் இடங்களிலும் பழுது பம்பின் மோட்டாரில் அபூர்வம். குப்பைத் தடுப்புக் கம்பி அடைத்துக்கொள்ளும், மிதவை சுவிட்ச் சேற்றில் சிக்கும், அல்லது டீசல் தொட்டி பாதிதான் இருக்கும். அணை திறக்கும் முடிவு எடுத்தவுடன் மாநகர் மன்றத்துக்குப் போகும் முதல் தொலைபேசி அழைப்பில், கதவுகளையும் கம்பிகளையும் பார்த்துவர ஆள் அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தபின் யாரும் அங்கே இறங்க முடியாது.

எந்த நேரத்தில் திறப்பது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். நகரத்து மழை கோம்பாக்கிலும் பத்து ஆற்றிலும் சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்த உச்சத்தின் மேல் அணைத் தண்ணீரையும் ஏற்றுவதுதான் ஆபத்து. முன்கூட்டி இறக்குவதென்றால் விடிந்தபின் தொடங்கி நண்பகலுக்குள் முடியுங்கள். இரண்டு அணைகளும் ஒரே நாளில் திறக்க வேண்டிவந்தால், இரண்டு தண்ணீரும் மஸ்ஜித் ஜாமெக்கில் ஒரே நேரத்தில் சந்திக்காதபடி முறை மாற்றித் திறக்க வேண்டும். திறப்பதைப் படிப்படியாகக் கூட்டுவது போலவே மூடுவதையும் படிப்படியாகச் செய்யுங்கள். ஊறிய மண்கரையைத் தாங்கி நிற்பது ஆற்றுநீரின் அழுத்தமும்தான். ஆறு திடீரென்று இறங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும், உள்ளே ஊறிய நீரோ வடிந்திருக்காது, கரை சரியும். மழை விட்ட மறுநாள் வேலி ஆற்றுக்குள் போவதற்கு இதுவே காரணம்.

இரவில் திறந்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டுக்குத் தெரியும். 2013 அக்டோபர் 23 நள்ளிரவு தாண்டிய வேளையில் கேமரன் மலை சுல்தான் அபு பாக்கார் அணையின் தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. மேலே காடழித்துத் தோட்டம் போட்டதால் வந்த வண்டல் அணையின் கொள்ளளவைத் தின்றிருந்தது. கீழே ஆற்றின் வழி குறுகி, கரையில் வீடுகள் நெருங்கியிருந்தன. பத்து அணையிலும் கிள்ளான் கேட்ஸிலும் வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது, வெள்ளத்துக்கென ஒதுக்கிய இடத்தில் இன்று எவ்வளவு மிச்சம் என்ற அளவெடுப்பை ஒவ்வொரு முறையும் வெளியிடுங்கள். அது இரகசியமாக இருக்க வேண்டிய காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது தைப்பூசம். பத்துமலையில் காவடிக்கும் பால்குடத்துக்கும் முன் பக்தர்கள் குளிப்பது பத்து ஆற்றில்தான், அதுவும் பத்து அணைக்குக் கீழே. நள்ளிரவிலிருந்து விடியும்வரை குழந்தைகள், முதியவர்கள், நோன்பிருந்து உடல் தளர்ந்தவர்கள் என்று கூட்டம் படித்துறையிலும் குளியல் குழாய்களைச் சுற்றியும் நிற்கும். மேளச் சத்தத்தில் சைரன் காதில் விழாது. ஆகவே திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே அணை மட்டத்தைப் பார்த்து, இறக்க வேண்டியதை இறக்கிவிடுங்கள். அந்த மூன்று நாளும் அணை அறையிலிருந்து கோயில் ஒலிபெருக்கி மேடைக்கு நேரடித் தொலைபேசித் தொடர்பு இருக்கட்டும். ஆற்றின் மேல்பகுதியில் பொதுத் தற்காப்புப் படையினர் இருவர் ஒரு அளவுகோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். 10 நிமிடத்தில் 10 சென்டிமீட்டர் ஏறினால் படித்துறையைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். தீபாவளியும் அக்டோபர், நவம்பர் மழையிலேயே வருகிறது. அந்த வாரம் பாதிப் பேர் வெளியூரில் இருப்பார்கள், பூட்டிய வீட்டில் மெயின் சுவிட்ச் அணைக்க ஆள் இருக்காது.

வெள்ளம் வடிந்தபின் நடப்பது பற்றிச் சுருக்கமாக. துயர் துடைப்பு மையமாகும் பள்ளிக்கூடமே தாழ்வில் இருந்தால் அந்தப் பட்டியலைத் திருத்துங்கள். வெள்ள நிவாரணப் பண உதவிக்கான பதிவு, மையத்துக்கு வராமல் உறவினர் வீட்டில் ஒதுங்கியவர்களையும் சேர்க்க வேண்டும். சேறு அள்ளுபவர்களுக்கு பூட்ஸும் கையுறையும் முதல் நாளே வரவேண்டும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இரண்டு வாரம் கழித்தும் வரும். வட்டார சுகாதாரக் கிளினிக்குகளில் காய்ச்சலோடு வருபவரிடம் “வெள்ளத்தில் நின்றீர்களா?” என்று கேட்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும்.

எங்களால் ஆனதைச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு சந்திலும் படுக்கையில் இருப்பவர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், தனியாக இருக்கும் முதியவர் யார் யார் என்ற பட்டியலை அவரவர் சம்மதத்தோடு குடியிருப்புக் குழுக்கள் வைத்திருக்கும். உங்கள் செய்தி வந்தவுடன் கதவு தட்ட ஒவ்வொரு சந்துக்கும் இருவர் பொறுப்பேற்பார்கள். தொங்கு கதவு, குப்பைக் கம்பி ஆகியவற்றின் படங்களை மாதம் ஒருமுறை உங்களுக்கு அனுப்புவோம். மட்டம் கடத்த அளவையாளரை எந்தச் சனிக்கிழமை அனுப்பினாலும் அளவுக்கோல் பிடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆட்கள் வருவார்கள். அக்டோபர் மழை தொடங்குமுன் அந்தத் தேதியை எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பத்து – கோம்பாக் ஆற்றோரக் குடியிருப்பாளர்கள்,
கோலாலம்பூர்