பிளேடு பற்றி நண்பனுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டு மரவேலைகளை நீயே செய்யத் தொடங்கியிருப்பதையும், முதல் வேலையாகப் புத்தக அலமாரி ஒன்றைக் கையில் எடுத்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். வெட்டிய இடமெல்லாம் பிளைவுட்டின் மேல்தாள் பெயர்ந்து சிராய் சிராயாக நிற்பதால், இன்னும் விலை கூடிய மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ விவரித்ததை வைத்துப் பார்த்தால் உன் வட்ட ரம்பத்தில் குறை ஏதும் தெரியவில்லை. அதோடு பெட்டியில் வந்த பிளேடைத்தான் மாற்ற வேண்டும்.

184 மி.மீ. விட்டமுள்ள அந்த பிளேடில் 24 பற்கள் இருப்பதாக எழுதியிருக்கிறாய். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இடம் தாராளமாக இருப்பதால் அறுத்த தூள் எளிதில் வெளியேறும், ரம்பமும் தடையின்றி நகரும். சட்டங்களையும் தடித்த பலகைகளையும் நீளவாக்கில் அறுப்பதற்கு அதைவிட ஏற்றது இல்லை. ஆனால் பிளைவுட்டின் மேல்தாள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. ஒவ்வொரு பல்லும் மரத்தை அதிகமாகப் பெயர்த்தெடுக்கையில், அந்தத் தாளின் நார்கள் அறுபடுவதற்கு முன்பே பிய்ந்துவிடுகின்றன. அதே விட்டத்தில் 60 பற்களும் மிகக் கடினமான கார்பைடு முனையும் உள்ள பிளேடைப் போட்டால் ஒவ்வொரு பல்லும் சிறிதளவே எடுக்கும். வேலை சற்று மெதுவாக நடந்தாலும் விளிம்பு சுத்தமாக வரும். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்பவர்கள் 40 பல் பிளேடு வாங்குவார்கள்; அது மோசமில்லை, ஆனாலும் அலமாரியின் முகப்புக்கு நான் அதைப் போட மாட்டேன். வாங்கும்போது விட்டத்தோடு நடுத்துளையின் அளவையும் ஒப்பிட்டுப் பார். பிளேடில் குறித்துள்ள அதிகபட்சச் சுழல்வேகம் உன் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதைத் தொடவே தொடாதே.

பலகையை எப்படி வைத்து அறுத்தாய் என்று நீ எழுதவில்லை. கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தின் பற்கள் அடியிலிருந்து மேல்நோக்கி வெட்டி வெளியேறுவதால், சிராய் மேற்பக்கத்தில்தான் எழும். ஆகவே நல்ல முகத்தைக் கீழே திருப்பி வைத்து அறுக்க வேண்டும். குறுகிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக்ஸாவின் சாதாரண பிளேடுக்கும் இதுவே பொருந்தும். தள்ளும்போது வெட்டும் கைரம்பத்துக்கோ, நேர்மாறாக, நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். வட்ட ரம்பத்தின் பல் பலகையின் அடியில் ஏறத்தாழ 6 மி.மீ. மட்டும் தெரியும்படி ஆழத்தை வைத்துக்கொண்டு, வெட்டுக்கோட்டைக் கூரிய கத்தியால் முன்கூட்டியே கீறிவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். கீறுவதற்கு, முனை மழுங்கினால் ஒடித்துவிட்டுத் தொடரும் கட்டர் கத்தியே போதும். 1956-இல் ஒசாகாவில் அச்சகப் பணியாளராக இருந்த யோஷியோ ஒகாடா, உடைந்த கண்ணாடியின் கூர்மையையும் கோடு கோடாக உடையும் சாக்லேட்டையும் மனத்தில் வைத்து அதை வடிவமைத்தார் என்பது உனக்குப் பிடிக்கும் செய்தி.

இரும்புக் குழாய் வெட்ட ஆக்ஸா பிளேடு வாங்கப் போனபோது 18, 24, 32 என்று எண்களைப் பார்த்துக் குழம்பியதாகச் சொன்னாய். அவை ஓர் அங்குலத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை. எந்நேரமும் குறைந்தது இரண்டு மூன்று பற்களாவது உலோகத்தின் மேல் பதிந்திருக்க வேண்டும் என்பதே கணக்கு. 2 மி.மீ. சுவருள்ள குழாயில் 18 பல் பிளேடை வைத்தால் ஒன்றிரண்டு பற்களுக்கு மேல் பதியாது. விளிம்பு இரு பற்களுக்கு நடுவே சிக்கி, பல் உடைந்துபோகும். அங்கே 32 வேண்டும். தடித்த இரும்புச் சட்டத்துக்கு 18 போதும். அதில் 32 போட்டால் பற்களுக்கிடையே தூள் அடைத்துக்கொண்டு பிளேடு வெறுமனே வழுக்கும். மாட்டும்போது பற்கள் கைப்பிடிக்கு எதிர்த்திசையில், முன்னோக்கி இருக்கட்டும். வளைந்தாலும் எளிதில் முறியாத, இருவகை எஃகை இணைத்துச் செய்த பைமெட்டல் வகையையே வாங்கு.

உன் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது ஒன்றுதான். ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டினால் ஒரே மெஷினில் எல்லா வேலையும் முடியும் என்று யாரோ உனக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதே. வட்ட ரம்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்று ஓடுகிறது. சிறிய கிரைண்டரோ 11,000 சுற்று அளவில் ஓடுகிறது. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை உதறிக்கொண்டு பாயும். பலகையில் ஊன்றி நிற்க அதற்கு அடித்தட்டும் கிடையாது. கிரைண்டரை உலோகத்துக்கும் டைல்ஸுக்கும் வைத்துக்கொள். உலோகத்துக்கு 1 மி.மீ. அளவிலான மெல்லிய வெட்டுச் சக்கரம் சூடு குறைவாக, விரைவாக வெட்டும். ஆனால் அதன் பக்கவாட்டால் தேய்க்கக் கூடாது, அந்த வேலைக்குத் தடித்த சக்கரம் தனியே உண்டு. நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி நாள் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டாதே. டைல்ஸுக்கு விளிம்பில் இடைவெளி இல்லாத வைரச் சக்கரமும், தூசிக்கு நல்ல முகக்கவசமும் வேண்டும். எந்த மெஷினானாலும் கண்ணாடி அணி. சுழலும் பிளேடின் அருகே கையுறை மட்டும் வேண்டாம், அது சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

போன வாரம் என் பழைய 60 பல் பிளேடு புகைந்ததால் மழுங்கிவிட்டது என்று எண்ணிக் கழற்றிப் பார்த்தேன். பற்களின் பக்கவாட்டில் பழுப்புப் பிசின் தேன்பாகாக இறுகியிருந்தது. சோப்புக் கரைசலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் மீண்டும் நன்றாக வெட்டுகிறது. உன்னுடையதையும் தூக்கிப் போடாமல் எடுத்து வை. சட்டம் அறுக்க உதவும்.

பிளைவுட்டின் தடிமனையும், அதன்மேல் மைக்கா ஒட்டிய பிறகு வெட்டப் போகிறாயா என்பதையும் அடுத்த மடலில் எழுது. மைக்கா என்றால் பல்லின் எண்ணிக்கை மட்டும் போதாது, வடிவமும் மாற வேண்டும்: மூலை சீவிய பல் ஒன்றும் தட்டையான பல் ஒன்றும் மாறி மாறி வருகிற பிளேடு அதற்கு உகந்தது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்