வட்டாரத் தலைவர் பதவிக்கு நிற்கும் மகளுக்கு

என் அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய கடிதத்தையும், கல்லூரி பேண்டு மாணவர்களுக்கான உங்கள் கப்பா கப்பா சை சகோதரச் சங்கத்தின் தேசிய விதிகளையும் நிதானமாகப் படித்து முடித்தேன். வட்டார மாநாட்டில் தலைவர் பதவிக்கு நிற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, மேலே அமர்ந்திருக்கும் பெரியவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள், மாணவர்களுக்குக் கை தூக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது என்று வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறாய். கேள்விக்கு என் பதில், தாராளமாக நில் என்பதுதான். வருத்தத்தில் பாதியை ஏற்கிறேன், மீதிப் பாதியை ஏற்க முடியவில்லை. பேண்டு வாத்தியத்தைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் வேலைக்காலம் முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களையும் ரொக்கப் புத்தகங்களையும் தணிக்கை செய்தவன் என்ற முறையில், ஒரு சங்கம் எந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும், எந்த இடத்தில் சாயும் என்பது ஓரளவு தெரியும்.

முதலில், உங்கள் சங்கம் பிறந்த விதத்தைப் பார். 1919 நவம்பர் 27 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் நகரில், இன்று ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில் அது தொடங்கியது. பேண்டில் இருப்பவர்களுக்கென்று ஒரு சகோதரச் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வில்லியம் ஸ்க்ராக்ஸ் என்ற மாணவருடையது. அதற்கு இடம் கொடுத்தவர், பொஹீமியாவிலிருந்து குடியேறி அக்கல்லூரியில் பேண்டு இயக்குநராக இருந்த பொஹுமில் மகோவ்ஸ்கி. தொடக்க உறுப்பினர்கள் பத்துப் பேர். ஆக, மாணவரின் முனைப்பும் ஆசிரியரின் ஒப்புதலும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து நடந்திருக்கின்றன. இன்றும் பேண்டு இயக்குநரின் ஆதரவில்லாமல் எந்தக் கிளையும் இயங்க முடியாது என்பதை நீ அடிமைத்தனமாகப் பார்க்கிறாய் என்று தோன்றுகிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. சங்கம் இருப்பதே பேண்டுக்குத் தொண்டு செய்வதற்காகத்தான் என்றால், தொண்டைப் பெறுகிறவர் "இது எனக்கு உதவவில்லை" என்று சொல்லும் உரிமையை வைத்திருப்பது நியாயமே. எங்கள் துறையில் பல சங்கங்களுக்கு அப்படிச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதால்தான் அவை பெயரளவில் மட்டும் உயிரோடு இருந்தன.

இனி, பெரியவர்களைப் பற்றிய உன் வருத்தத்துக்கு வருகிறேன். உங்கள் தேசிய மாநாடு ஒற்றைப்படை ஆண்டுகளில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. சங்கத்தை நிர்வகிக்கும் தேசிய மன்றத்தின் பதவிக்காலமும் அந்த இரண்டு ஆண்டுகளே. நான்கு ஆண்டுகள் படிக்கும் ஒருவர் அதிகம் போனால் இரண்டு மாநாடுகளைப் பார்ப்பார், முதலாவதில் புதியவராகவும் இரண்டாவதில் விடைபெறுபவராகவும். 1898இல் பாஸ்டனில் தொடங்கிய ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியா என்ற இன்னொரு இசைச் சகோதரச் சங்கம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் தேசிய அளவில் கூடுகிறது. அங்கே பல மாணவர்களுக்கு ஒரே ஒரு மாநாடுதான் வாய்க்கும். (அந்தச் சங்கத்தைத் தோற்றுவித்த ஆஸியன் மில்ஸ், இசைக் கல்லூரியின் பொக்கிஷதாரராக இருந்தவர் என்று படித்தபோது, கணக்குப் பார்ப்பவன் என்ற வகையில் எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.) வாக்காளர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு மாறிவிட, தேசிய மன்றத்திலும் அறங்காவலர் குழுவிலும் இருக்கிற முன்னாள் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்வதால், சங்கத்தின் நினைவு முழுவதும் அவர்களிடமே தங்கிவிடுகிறது. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. ஆனால் சூழ்ச்சி இல்லாமலே அதிகாரம் ஒரு பக்கம் குவியும் என்ற அளவில் உன் வருத்தம் நியாயமானது.

நான் ஏற்காத பாதி இது. தேசிய மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதும் விதிகளைத் திருத்துவதும் மாநாட்டில் அமரும் கிளைப் பிரதிநிதிகள்தான். வாக்கு அவர்கள் கையில் இருக்கிறது. வாக்கை வைத்துக்கொண்டே அதிகாரம் இல்லை என்று புலம்பும் பேரவைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பெரிய சங்கத்தின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இனிப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கலைந்து விடுவார்கள். தீர்மானங்களைச் செயலாளர் முந்தைய இரவே எழுதி வைத்திருப்பார். அங்கே யாரும் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை. உங்கள் மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளில் எத்தனை பேர் திருத்த முன்மொழிவுகளைப் படித்துவிட்டு வருகிறார்கள், எத்தனை பேர் தம் கிளையில் அதை விவாதித்து, கிளையின் கருத்தோடு வருகிறார்கள் என்று நீயே யோசித்துப் பார். வட்டாரத் தலைவராக நீ செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை: முன்மொழிவுகளை முன்கூட்டியே ஒவ்வொரு கிளைக்கும் கொண்டு சேர்ப்பது, அவற்றைக் கிளைக்கூட்டத்தில் விவாதித்ததற்குக் குறிப்பு கேட்பது, வேட்பாளர்களை மேடைப் பேச்சை வைத்து மட்டும் எடை போடாமல் அவர்களிடம் எழுத்தில் கேள்வி கேட்க வழிசெய்வது. புகழ் கிடைக்காத வேலை, அதனால்தான் காலியாகக் கிடக்கிறது.

பிரதிநிதிகளின் வாக்கு வெறும் சடங்கல்ல என்பதற்கு நீயே சான்று. தொடக்கத்தில் அது ஆண்களின் சங்கம். டெக்ஸாஸ் டெக் கல்லூரியின் பேண்டில் இருந்த வாவா பேன்ஸும் அவருடைய தோழிகளும் பெண்களுக்கும் அத்தகைய சங்கம் வேண்டும் என்று முயன்றபோது, இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போய்விட்டதால் கப்பா கப்பா சையின் பணிகளே முடங்கியிருந்தன. போர் முடிந்த பிறகு, 1946இல், டௌ பீட்டா சிக்மா என்ற தனிச் சங்கம் பிறந்தது. டெக்ஸாஸ் சட்டத்தில் இருந்த சிக்கலால் அதை ஓக்லஹோமாவில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. முதல் கிளை என்ற பெயரும் ஓக்லஹோமாவுக்கே போனது, முயற்சியைத் தொடங்கிய டெக்ஸாஸ் பெண்கள் இரண்டாம் கிளையானார்கள். அந்த இழப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டதை நான் பெரிதாக நினைக்கிறேன். பிறகு, கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற 1972ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதையொட்டி 1977இல், விதிகளைத் திருத்தி, உங்கள் சங்கம் பெண்களுக்கும், சகோதரிச் சங்கம் ஆண்களுக்கும் கதவைத் திறந்தன. சின்ஃபோனியாவோ இன்றுவரை ஆண்களுக்கு மட்டுமே உரியது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே கேள்விக்கு இரண்டு சங்கங்கள் இரண்டு விடை கண்டிருக்கின்றன. கதவு திறந்த பிறகும் இரண்டு சங்கங்கள் எதற்கு, ஒன்றாக்கிவிடலாமே என்று நீ எழுதியிருந்ததை மட்டும் மறுபடி யோசி. ஸ்டில்வாட்டரின் பழைய சான்டா ஃபே ரயில் நிலையக் கட்டடத்தில் இரண்டும் ஒரே தலைமையகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, மாநாட்டையும் சேர்ந்தே நடத்துகின்றன. செலவில் சேர்ந்தும் அதிகாரத்தில் தனித்தும் இருப்பது எனக்கு நல்ல ஏற்பாடாகவே படுகிறது. இணைத்தால் எந்தத் தரப்பின் தலைவர்கள் கரைந்துபோவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

கூட்டம் நடத்துவதைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் கூட்டங்களுக்கு ராபர்ட் வகுத்த நடைமுறை விதிகளே அடிப்படை. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரை ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது, அவருக்கு நடத்தத் தெரியாமல் கூட்டம் குழப்பத்தில் முடிந்ததாம். அதற்குப் பிறகு படித்துச் சேர்த்தவற்றை அவர் 1876இல் நூலாக வெளியிட்டார். அதன் சாரத்தை நான் புரிந்துகொண்ட வரையில், சிறுபான்மை பேசி முடிக்க வேண்டும், பெரும்பான்மை முடிவெடுக்க வேண்டும், தலைவர் இரண்டுக்கும் இடையில் வாயை அடக்கிக்கொள்ள வேண்டும். உனக்கு மூன்றாவது கடினமாக இருக்கும். ஒரு தீர்மானத்தின்மேல் நீ வாதாட விரும்பினால், நாற்காலியைத் துணைத்தலைவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே வந்து பேசு. அதேபோல, நடைமுறை விதிகளை நன்கு கற்ற மூத்த மாணவர்கள் சிலர், ஒழுங்குப் பிரச்சினை என்ற பெயரில் முதலாண்டுப் பிள்ளைகளின் வாயை அடைப்பார்கள். அப்போது புதியவர் சொல்ல வந்ததை முறையான தீர்மானமாக வடிவமைத்துக் கொடுப்பது தலைவரின் கடமை.

பணத்தைப் பற்றி நான் எழுதாவிட்டால் அம்மாவே வியப்பாள். சந்தா, நிதி திரட்டு விழா, டி-ஷர்ட் விற்பனை என்று கிளைக்கு வரும் தொகை சிறிது என்பதால் யாரும் ரசீது கேட்பதில்லை. சிறு தொகைகளில்தான் கை பழகும். இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக்கூடாது, பொருளாளர் மாதந்தோறும் வங்கிக் கணக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிட்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். வரிவிலக்குப் பெற்ற சிறு அமைப்புகள், ஆண்டு வரவு 50,000 டாலருக்கு உட்பட்டதாக இருந்தாலும், வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் ஒரு மின்னணு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அனுப்பத் தவறினால் வரிவிலக்குத் தானாகவே ரத்தாகும் என்றும் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறது. பொருளாளர் ஆண்டுதோறும் மாறும் மாணவர் கிளையில் மூன்று ஆண்டுகள் தவறிப்போவது மிக எளிது. ஒவ்வொரு கிளையிடமும் அந்த அறிவிப்பின் நகலைக் கேட்டு வாங்கு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ராகிங். உங்கள் சங்கம் விதியிலேயே அதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் 2011 நவம்பர் 19 அன்று ஓர்லாண்டோவில், கால்பந்துப் போட்டி முடிந்த இரவில், நிறுத்தி வைத்திருந்த ஒரு பேருந்துக்குள் சக வாத்தியக்காரர்களின் அடிகளுக்கு நடுவே ராபர்ட் சாம்பியன் நடந்துபோனாரே, அவர் புதிதாக வந்த பையன் அல்ல. இருபத்தாறு வயதான அவர், ஃப்ளோரிடா வேளாண் இயந்திரவியல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பேண்டை முன்னின்று நடத்திய டிரம் மேஜர்களில் ஒருவர். அது சங்கச் சடங்கல்ல, பேண்டுக்குள்ளேயே ஊறிப்போன வழக்கம். அன்றிரவே அவர் இறந்தார். 2013 வரை அந்த பேண்டு களமிறங்கவே இல்லை, பல்கலைக்கழகத் தலைவரும் பதவி விலக நேர்ந்தது. எழுத்தில் தடை இருந்தும், மதிப்புக்காக அடி வாங்க வேண்டும் என்ற எழுதாத விதி அதைவிட வலுவாக இருந்திருக்கிறது. நம்மூரிலும் 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசுவைப் பறிகொடுத்த பிறகே 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம், ராகிங் நிகழ்வுகளையும் அவற்றில் குற்றம் உறுதியான மாணவர் அமைப்புகளின் பெயர்களையும் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்கிறது.

எனவே, புகார் ஒன்று உன் காதுக்கு வந்தால், முதலில் நாமே விசாரிப்போம், கிளையின் பெயர் கெட வேண்டாம் என்று எண்ணாதே. இருபது வயதுப் பிள்ளைகள் தம் நண்பர்களைத் தாமே விசாரிப்பது விசாரணை ஆகாது, சாட்சிகளைச் சரிசெய்வதற்கு அவகாசம் கொடுப்பதாகவே முடியும். கேள்விப்பட்ட நாளிலேயே பேண்டு இயக்குநருக்கும், பல்கலைக்கழகத்துக்கும், தேசிய அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள். உன்னைக் காட்டிக்கொடுத்தவள் என்பார்கள். அடுத்த தேர்தலில் வாக்கும் குறையும். அந்த விலையைக் கொடுக்க மனம் இல்லாவிட்டால் வேட்புமனுவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பெரியவர்களிடம் அதிகாரம் குவிவதைப் பற்றிச் சொன்னாயே, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வளாகத்துக்கு வெளியே இருக்கும் அவர்களுடைய தூரம் நன்மையானது. அவர்களுக்கு அந்தப் பேருந்தில் நண்பர்கள் யாரும் இல்லை.

வேட்பாளர்களின் எழுத்துப் பதில்களை மாநாட்டுக்கு முன்பே கிளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்ற முன்மொழிவை நீயே வரைந்து பார். யார் தொகுப்பது, எந்த நாளுக்குள், தவறினால் என்ன ஆகும் என்ற மூன்றும் வாசகத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் விருப்பமாக நின்றுவிடும். வட்டார நிதியிலிருந்து செலவு வருமானால் தொகையையும் குறிப்பிடு. வரைவை அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தி ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். மனு செய்யும் கடைசி நாளையும் அதில் எழுது.

அன்புடன்,
அப்பா