ஐயாவின் துவக்கு உங்கள் படத்தில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடக்கில் பொதுமக்களிடம் உள்ள ஆயுதங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை, வயலால் வந்து கால் கழுவுமுன்னரே வாசித்து முடித்தேன். இறந்த தகப்பனின் துப்பாக்கியைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி வன்னியில் பிள்ளைகள் கேட்பது, போர்க்காலத்து மனநிலை இன்னும் விட்டுப்போகாததன் அடையாளம் என்ற கருத்தில் அதில் ஒரு வரி இருந்தது. வரிக்குத் துணையாக, படையினர் ஏந்தும் தானியங்கித் துப்பாக்கி ஒன்றின் படத்தையும் போட்டிருந்தீர்கள். கட்டுரையாளர் மாங்குளம் சந்தியில் பஸ் நிற்கும் நேரத்திலாவது இறங்கி ஒரு தேநீர் குடித்திருந்தால், நாங்கள் துவக்கு என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தேநீர்க் கடைக்காரரே சொல்லியிருப்பார்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எனக்கு வயது 57.

ஐயாவிடம் இருந்தது பன்னிரண்டு போர் (12-bore) என்னும் குழல் அளவுள்ள ஒற்றைக்குழல் துவக்கு. ஒரு தரத்துக்கு ஒரு தோட்டாதான் போகும். வெடித்தபின் குழலை மடித்து, வெறுங்கோதை இழுத்தெடுத்து, அடுத்த தோட்டாவைப் போட்டு மூடுவதற்குள் பன்றிக் கூட்டம் அடுத்த வாய்க்காலைத் தாண்டிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாவட்டச் செயலாளர் வழங்கும் அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிடும் என்பதும், அதைப் புதுப்பிக்கத் தவறியவர் துவக்கை வீட்டில் வைத்திருக்க முடியாது என்பதும், இவற்றுக்கெல்லாம் அடிப்படையான சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. எங்கள் மனநிலைக்குப் போரைக் காரணம் காட்டியவர், அந்தச் சட்டத்தின் ஆண்டையாவது ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

அப்புவுக்கு, அதாவது என் பாட்டனாருக்கு, ஓர் இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. 1980களில் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்தவர்களையும் ஒப்படைக்கச் சொன்னபோது, ஐயா அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு பற்றுச்சீட்டுடன் திரும்பி வந்தார். துவக்கு திரும்பி வரவேயில்லை. அந்தச் சீட்டோ, காணி உத்தரவுப்பத்திரத்தோடு பொலித்தீன் பையில் கிடந்து, 2009இல் ஒவ்வொரு பங்கராக எங்களோடு இடம்பெயர்ந்து, மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரம் வரைக்கும் வந்து சேர்ந்தது. அதைக் காட்டி ஐயா பின்னர் கேட்ட இடங்களில் ஒன்றில், இவ்வளவு பழைய தாளை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். மீள்குடியேறிய பின், பல வருடங்கள் நடந்து நடந்துதான் இந்த ஒற்றைக்குழலைப் பெற்றார். வாணி விழாவன்று மண்வெட்டிக்கும் கத்திக்கும் பக்கத்தில் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். தேங்காயெண்ணெய் தொட்ட சீலையை முதிரைக் கம்பில் சுற்றி அவர் குழலைத் துடைக்கும்போது, பேரப்பிள்ளைகள் வாசற்படிக்கு அப்பால்தான் நிற்கலாம். ஆள் இல்லாத பக்கம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும், வெறுந்துவக்கென்றாலும் தோட்டா இருக்கிறதென்று நினைக்க வேண்டும் என்பவை அவர் எனக்குச் சொல்லித் தந்த பாடங்கள். இவற்றில் எது போர்க்கால மனநிலை என்பதைக் கட்டுரையாளர் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

ஐயா சென்ற ஐப்பசியில் காலமானார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன்னரே துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். அதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட, வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி பெற்றார் வழி வருவது முதுசம். ஆனால் அனுமதிப்பத்திரம் முதுசமாக வருவதில்லை, அது உரியவரோடு முடிந்துவிடும். ஆகவே துவக்கு எங்களுடையதுதான், தொடத்தான் முடியாது. மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் சிபாரிசு, வயலின் அளவுக்குக் கமநல சேவை நிலையத்தின் கடிதம், பொலிஸ் அறிக்கை என்று கேட்ட எல்லாவற்றையும் கொடுத்தேன். ஓர் அலுவலகத்தில், வீட்டில் ஆம்பிளைகள் இல்லையா என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் கடிதம் இருக்கவில்லை.

கடைசியாகக் கேட்டது, ஏனைய உரித்தாளிகளின் சம்மதத்தைச் சத்தியக்கடதாசியாக. எனக்கு ஒரே ஒரு தம்பி. 2009 வைகாசிக்குப் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்று அந்த உத்தியோகத்தர் அன்பாகவே சொன்னார். நிவாரணம் வரும் என்று சொன்னபோதுகூட அம்மா அதற்குக் கையெழுத்து வைத்ததில்லை. மரணப் பதிவு பற்றிய 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, காணாமற்போனவர் என்ற சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று இப்போது யோசிக்கிறோம். ஒரு துவக்குக்காக அந்தத் தாளில் கையெழுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்பதையும் தங்கள் கட்டுரையாளர் ஆராய்ந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் காலபோகம் கதிர் தள்ளியது. காவல் கொட்டிலில் தகரம் தட்டிக்கொண்டிருந்தோம். தகரச் சத்தம் பழகிப்போன பன்றிகள் இரண்டே இரவில் முக்கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போயின. அனுமதியுள்ள துவக்கால் யானையைச் சுட்டவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அனுமதி கிடைக்காதவர், மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு கட்டுகிறார், வரம்பில் மின்சாரக் கம்பி இழுக்கிறார். அவற்றுக்குப் பன்றி எது, விறகுக்குப் போகும் மனிதர் எது என்று தெரியாது. பெயரும் இலக்கமும் பதிந்த துவக்கைக் கையில் பிடித்து விழித்திருக்கும் கமக்காரரையும் இந்தப் பொறிகளையும் தங்கள் கட்டுரையில் ஒரே பந்தியில் எழுதியது நியாயமா என்று தாங்களே சொல்லுங்கள்.

பயிரழிவைப் பற்றி முன்னொரு தடவை இரண்டு பக்கத்தில் எழுதிய என் கடிதத்தைத் தாங்கள் மூன்று வரியாகப் பிரசுரித்து, ஊரின் பெயரையும் பிழையாகப் போட்டதை நினைவுபடுத்துவதற்கு மன்னிக்கவும். அட்டைப்படத்துக்கு எங்கள் வயல் வேண்டியிருக்கும்போது மட்டும் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், சென்ற இதழின் படம் கமக்காரரின் துவக்கு அல்ல என்று ஒரு வரி போடுங்கள். உரிமம் பெற்றவர் இறந்தால் உரித்தாளி என்னென்ன பத்திரங்களோடு எங்கே போக வேண்டும் என்பதை, உரியவர்களிடம் கேட்டுத் தமிழில் ஒரு கால் பக்கத்தில் வெளியிடுங்கள். சிறுபோகத்துக்கு முன் வந்தால் உதவியாக இருக்கும்.

விண்ணப்பம் இன்னும் மேசையில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு கமக்காரப் பெண்