புல்லுக்குப் பசி

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். வீட்டுக் கதையெல்லாம் அம்மா போனில் சொல்லிவிடுவாள். கனடாவில் உன் வீட்டுப் புல்தரையில் படர்ந்திருக்கும் களை என்ன, அதை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தாய், நான் நேரே அதற்கே வந்துவிடுகிறேன்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசல் பக்கம் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பது வெள்ளைக் குளோவர் (clover) என்கிற செடிதான், கடலை, பயறு குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்று இலையிலும் வெளிறிய வளைகோடு ஓடுகிறது, பூவும் வெள்ளையாக உருண்டையாக இருக்கிறது. சந்தேகமே வேண்டாம். ஆனால் வேலியோரம் எடுத்த படத்தில் இருப்பது வேறு. அந்த இலை நுனியில் பிளந்து இதய வடிவில் இருக்கிறது, பூ மஞ்சள். நம் கொல்லையில் தானாக முளைக்குமே புளியாரை, அந்த இனம். அதைக் காய் வெடிப்பதற்குள் கையால் பிடுங்கிப் போட்டாலே போதும்.

முதலில் மருந்துப் பேச்சை முடித்துவிடுவோம். எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் போனால் 2,4-டி கலந்த களைக்கொல்லி வாங்கி வரலாம் என்று மாப்பிள்ளையிடம் யாரோ சொன்னார்களாம். வேண்டாம் கண்ணு. உங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் வீட்டுப் புல்தரைக்கு அந்த மருந்தை அடிக்க 2009 ஏப்ரல் 22-லிருந்து தடை இருக்கிறது. அதற்கும் முன்னாலேயே, 1991-ல், பக்கத்துக் கியூபெக் மாகாணத்தில் ஹட்சன் என்கிற சின்ன ஊர் தன் எல்லைக்குள் அழகுக்காக மருந்தடிக்கக் கூடாது என்று விதி போட்டது. மருந்தடிக்கும் கம்பெனிகள் வழக்குக்குப் போயின. 2001-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு சின்ன ஊர் அவ்வளவு தூரம் போராடிப் பெற்றதை நாம் காரின் டிக்கியில் வைத்துக் கடத்தி முறிக்கக் கூடாது.

எனக்கும் அந்த மருந்து தெரியாததில்லை. நெல் வயலில் கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் நம் பக்கம் அடிப்பதுதான். அடிக்கிற நேரத்தில் காற்று திரும்பி அடுத்த வயல் பருத்தியில் பட்டுவிட்டால், நல்ல அகலமான இலை சுருங்கி விரல் விரலாகப் பிரிந்து வெண்டை இலை மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத சாரல்தான் அத்தனையும் செய்கிறது. பாப்பா தவழ்கிற இடத்தில் அதை அடிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, இந்தக் குளோவர் ஏன் வந்தது? மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஒரு செடியைச் சின்னக் கரண்டியால் வேரோடு கெல்லி எடு. இழுக்காதே, அறுந்துவிடும். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பார். வேரில் எள்ளளவுக்கு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் வீட்டில் கடலை பிடுங்கும்போது நீ பார்த்த அதே வேர் முடிச்சுதான். அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துச் செடிக்குத் தருகிறது. சணப்பையும் கொளுஞ்சியும் வளர்த்துப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுவது எதற்கு என்று சின்ன வயதில் கேட்பாயே, அதே காரணம். மண்ணில் தழைச்சத்து குறைந்தால் புல் மெலிந்து நிற்கும், குளோவருக்கு அந்தக் கவலை கிடையாது. புல் விட்ட இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. ஆக, உன் புல்லுக்குப் பசி. அதைத் தீர்க்காமல் குளோவரை எத்தனை முறை எடுத்தாலும் அது திரும்ப வரும்.

இப்போதே போய் உரம் வாங்கிப் போடாதே. இங்கே வெயிலில்தான் அருகம்புல் கொழிக்கும். உங்கள் ஊர்ப் புல்லெல்லாம் குளிர் பிரதேச ஜாதி. ஜூலை வெயிலில் அது வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் எழும். ஆகஸ்ட் கடைசியில் வெயில் தணிந்ததும் முதல் உரம் போடு. பை மேல் மூன்று எண் இருக்கும். முதல் எண் தழைச்சத்து, நடுவில் மணிச்சத்து (பாஸ்பரஸ்), கடைசியில் சாம்பல் சத்து (பொட்டாஷ்). முதல் எண் பெரிதாகவும் நடு எண் பூஜ்யமாகவும் இருக்கிற பையாகப் பார்த்து வாங்கு. மணிச்சத்தைக் கூட்டினால் குளோவர்தான் கொண்டாடும். நூறு சதுர மீட்டருக்கு, அதாவது நம் கணக்கில் இரண்டரை சென்ட் இடத்துக்கு, ஒரு தடவைக்கு அரைக்கிலோ தழைச்சத்து போதும். பையில் 25-0-5 என்று இருந்தால் உரமாக இரண்டு கிலோ வரும். தூவிய பிறகு நன்றாகத் தண்ணீர் விடு. அதற்கு முன்னால் மண்ணைச் சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மண் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, விசாரித்துப் பார்.

அப்புறம், புல் வெட்டுகிற உயரம். படத்தில் தரை மொட்டையாகத் தெரிகிறது. குளோவர் தரையோடு ஊர்கிற செடி, ஒட்ட வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது, வெயில் தாராளமாகக் கிடைக்கும். புல்லுக்குத்தான் நஷ்டம். மாப்பிள்ளையிடம் சொல்லி மெஷினை மூன்று அங்குலத்துக்கு ஏற்றி வைக்கச் சொல். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டிய புல்லை வாரிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். அப்படியே விட்டால் மக்கி, அதிலிருக்கும் தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும்.

சின்னத் திட்டுகளைக் கையால் எடுக்கலாம். ஆனால் அதன் கொடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஒரு கணுத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி துளிர்க்கும். அதனால் திட்டின் விளிம்பிலிருந்து தொடங்கி, கொடியைத் தூக்கிக்கொண்டே உள்நோக்கிப் போ. எடுத்த இடத்தை வெறுமனே விடாதே. மண்ணைக் கீறிவிட்டு, கொஞ்சம் மக்கிய உரம் கலந்து, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் புல் விதை தூவிவிடு. முளைத்து வருகிற வரை ஈரம் காயக் கூடாது.

பெரிய திட்டுகளுக்கு இரும்புச்சத்தில் செய்த களைக்கொல்லி உங்கள் ஊரில் சட்டப்படியே கிடைக்கும். அடித்த சில மணி நேரத்தில் இலை கறுக்கத் தொடங்கும், புல் பிழைத்துக்கொள்ளும். குளோவர் அடிக்கொடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும், அதனால் டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். வாசல் சிமெண்டில் பட்டால் துருக்கறை படியும், பார்த்து. வினிகரை நம்பாதே, அது புல்லையும் சேர்த்துக் கருக்கும். சோள மாவு மாதிரி ஒன்றைக் களைக்கென்று விற்கிறார்களே, அது விதை முளைப்பதைத்தான் தடுக்கும், நிற்கிற செடியை ஒன்றும் செய்யாது. நீ தூவப் போகிற புல் விதையையும் அது விடாது.

இவ்வளவும் செய்தாலும் ஒரே வருஷத்தில் சுத்தமாகப் போகாது. குளோவர் விதைக்குத் தோல் கெட்டி, மண்ணுக்குள் வருஷக் கணக்கில் கிடந்து முளைக்கும். பக்கத்து வீட்டம்மா ஏதோ சொன்னார் என்று நீ சங்கடப்பட்டாய். அவர் பாட்டி காலத்தில் புல் விதையோடு குளோவர் விதையையும் கலந்தே விற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 2,4-டி மாதிரி மருந்துகள் கடைக்கு வந்து, அவற்றுக்குப் புல் தாங்கி குளோவர் தாங்காமல் போன பிறகுதான் அது களைப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் தலை குனிய ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் வாசலை மட்டும் சரி செய். பின்பக்கம் வேலியோரம் இருப்பதைத் தேனீக்களுக்கு விட்டுவிடு. பாப்பா வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் மட்டும் பூ விடவிட வெட்டிவிட்டால் தேனீ அங்கே இறங்காது. ஆனால் வீடு உங்களுடையது, நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவெடுங்கள்.

உரப் பை வாங்குவதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. புல் விதைப் பையையும் அனுப்பு. என்னென்ன ஜாதி கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா